சாத்திய கதவும் திறந்த கதவும்: பெருந்தொற்றுக் காலத்துப் பூட்டான் ராஜ்யத்தின் கொள்கை பற்றி ஓர் ஆராய்ச்சி

இந்திய அரசு நன்கொடையாக அனுப்பிய 1,50,000 கோவிஷீல்ட் தடுப்பூசிகள் 2021 ஜனவரி 20ஆம் தேதி பூட்டானுக்கு வந்து சேர்ந்தன. மார்ச் 27ஆம் தேதி வரையில் அவற்றில் ஒன்றேனும் எவருக்கும் போடப்படவில்லை. பெரிய தேசங்களெல்லாம் ஒரு குப்பி மருந்துக்காக ஒன்றோடொன்று மல்லுக்கு நின்ற அந்நாட்களில், கைக்கு வந்த மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு 66 நாட்கள் காத்திருந்த ராஜ்யம், அந்தக் காத்திருப்புக்குத் தன் தேசத்து மடாலய மகாசங்கமாகிய சுங் திராட்ஷாங் நாள் பார்த்துச் சொன்னதையும் ஒரு காரணமாகக் கூசாமல் வெளியிட்டது. குறித்த நாளில் குறித்த வேளையில், அந்நாட்டுக் காலக் கணிப்பின்படி குரங்கு ஆண்டிற் பிறந்த ஒரு பெண்மணிக்கு அதே ஆண்டிற் பிறந்த மற்றொரு பெண்மணி திம்பு நகரத்துப் பள்ளியொன்றில் முதல் ஊசியைப் போட்டார். பிள்ளைக்கு முதற்சோறு ஊட்டவும் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற நமக்கு இதில் வியப்பில்லை. வியக்கத்தக்கது அதன்பின் நிகழ்ந்தது: பதினைந்து நாள் முடிவதற்குள், ஊசி பெறத் தகுதியுள்ள வயது வந்தோரில் நூற்றுக்கு 93 பேர் முதல் தவணையைப் பெற்றுவிட்டனர்.

அவ்வளவு நிதானமும் அவ்வளவு வேகமும் ஒரே அரசாங்கத்தின் செய்கையில் எங்ஙனம் பொருந்தின என்பதே இக்கட்டுரையின் முதல் விசாரணை. அவ்வரசாங்கம் நோய்க்காக அடைத்த கதவைச் சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்தபோது, நோயை வென்ற அதே குணங்கள் ஏன் அதற்கு முழுத் துணை செய்யவில்லை என்பது இரண்டாவது விசாரணை. இவ்விரண்டுக்கும் விடை ஒன்றே என்பது என் அபிப்பிராயம். பூட்டான் அரசின் சாமர்த்தியமெல்லாம் கதவைக் காப்பதில் இருந்தது. அந்தச் சாமர்த்தியம் கதவுக்கு உள்ளே இருக்கும் பிரஜைகளிடத்தில் செல்லுமேயன்றி, வெளியே நின்று வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அயலாரிடத்தில் செல்லாது.

வேகத்தின் காரணத்தை முதலில் ஆராய்வோம். ஏறத்தாழ ஏழே முக்கால் லட்சம் ஜனங்களும், முந்நூற்றுச் சொச்சம் மருத்துவர்களும் மட்டுமே உள்ள ஒரு மலைராஜ்யம் இதைச் செய்தது என்று கேட்டவுடன் அதனை அற்புதமென்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்வோர், குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் அங்கே 1979இலேயே தொடங்கப்பட்டதையும், அம்மை, இளம்பிள்ளைவாதம் முதலியவற்றுக்கான ஊசிகளைச் சுமந்துகொண்டு சுகாதார ஊழியர்கள் நான்கு தசாப்தங்களாக மலைப்பாதைகளில் நாட்கணக்கில் நடந்து பழகியிருந்ததையும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைத் தேசமெங்கும் சிறுமியர்க்குப் போடும் ஏற்பாட்டைச் செல்வம் குறைந்த நாடுகளுள் முதன்முதலாக 2010இல் அந்நாடே மேற்கொண்டதையும் கவனியாதவர்கள். அடிப்படைச் சுகாதார சேவை, நவீன வைத்தியத்திலும் பாரம்பரிய வைத்தியத்திலும், இலவசமாகக் கிடைக்க வேண்டுமென்பது அத்தேசத்து அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மருந்துக்கும் தடுப்பூசிக்கும் பணம் முட்டுப்படாதிருக்கும் பொருட்டு ஒரு நிலையான நிதியை 1990களின் பிற்பகுதியிலேயே ஏற்படுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே 2021 மார்ச்சில் ஏறக்குறைய 1,200 இடங்களில் ஊசிப்பந்தல் போட்டதும், வண்டி செல்லாத ஊர்களுக்கு ஹெலிகாப்டரிலும் கால்நடையாகவும் மருந்துப் பெட்டிகளைக் கொண்டுபோனதும், நெடுங்காலமாகச் செய்துவந்த ஒரு காரியத்தைப் பெரிய அளவில் செய்ததேயன்றி வேறல்ல.

நிதானத்துக்கும் இப்படியே ஒரு காரணம் உண்டு. முதலில் வந்த ஒன்றரை லட்சம் ஊசிகளைக் கொண்டு யாருக்குப் போடுவது, யாரை விடுவது? முதியோர்க்கென்றால் ஊழியர்க்கில்லை, நகரத்தார்க்கென்றால் எல்லைப்புறத்தார்க்கில்லை. பகுதி பகுதியாகப் போட்டுச் சச்சரவையும் ஐயத்தையும் வளர்ப்பதைவிட, அனைவருக்கும் போதுமான அளவு சேரும்வரை பொறுத்திருந்து ஒரே மூச்சில் முடிப்பதென்று தீர்மானித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பிற நாடுகளில் அந்த ஊசி என்ன விளைவு தருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாமல்லவா? மார்ச் 22இல் மேலும் 4,00,000 ஊசிகள் இந்தியாவிலிருந்து வந்து இறங்கின. ஐந்தாம் நாள் சுபதினமாக அமைந்தது. சோதிடம் முந்தியதா, கணக்கு முந்தியதா என்ற கேள்விக்கு விடை தேடுவது வீண்வேலை. பிக்குகள் குறித்த நாளென்பதால் மலைக்கிராமத்துக் கிழவியும் சந்தேகமின்றிக் கைநீட்டினாள் என்றால், சுகாதார மந்திரி டெச்சென் வாங்மோவின் கணக்குக்கு அந்தச் சோதிடம் துணைசெய்ததென்றே கொள்ள வேண்டும்.

இந்தப் பொறுமை சாத்தியமானதற்குக் காரணம், கதவு அதற்கு ஓராண்டு முன்பே சாத்தப்பட்டிருந்தது. 2020 மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில், இந்தியா வழியாக வந்த அமெரிக்கப் பயணி ஒருவரிடம் நோய் கண்டது. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அவருடன் தொடர்பு கொண்டிருக்கக்கூடிய முந்நூறு பேர் வரையில் தேடிப் பிடிக்கப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டனர். அந்நிய யாத்திரிகர்களின் வருகை உடனே நிறுத்தப்பட்டது. அம்மாத இறுதிக்குள் தரைவழி எல்லைகளும் மூடப்பட்டன. தாயகம் திரும்பியவர்க்கெல்லாம் 21 நாள் தனிமைவாசம் விதிக்கப்பட்டது. பிற தேசங்கள் பதினான்கு நாளோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் இந்த ஒரு வாரத்தை அதிகமாகக் கூட்டியதுதான், என் மதிப்பில், அவர்கள் எடுத்த முடிவுகளிலெல்லாம் சிறந்தது. யாத்திரிகர் இல்லாமற் காலியாய்க் கிடந்த விடுதிகளே தனிமைவாச மனைகளாயின. வருமானமிழந்த விடுதிக்காரர்க்கு அதனால் அரசுப் பணம் சிறிது கிடைத்தது. அரசர் ஜிக்மே கேசர் நாம்கியேல் வாங்சுக் ஏற்படுத்திய ‘கிடு’ என்னும் நிவாரணத்தால் வேலையிழந்தோர் மாதந்தோறும் உதவி பெற்றனர். கடன்களுக்கு வட்டிச் சலுகையும் கிடைத்தது. ஆரஞ்சு நிற உடையணிந்த ‘தே-சுங்’ தொண்டர்கள் எல்லையிற் காவல் நின்றார்கள்; 2020 ஆகஸ்டிலும் டிசம்பரிலும் ஊரடங்கு வந்தபோது வீட்டு வாசலில் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து வைத்தார்கள். பிரதம மந்திரி லோட்டே ஷெரிங் தாமே அறுவை மருத்துவர். வெளிநாட்டு மந்திரி குழந்தை மருத்துவர். வைத்தியர்கள் மந்திரிசபையில் அமர்ந்திருப்பது எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்த பூட்டானில் 2021 இறுதிவரை இந்நோயால் மாண்டவர் மூவர்.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடலாகாது. இந்தியாவுடனான அந்த எல்லை சுமார் 700 கிலோமீட்டர் நீளமுடையது. தென் எல்லை நகரமான புன்ட்ஷோலிங்குக்கும் வங்காளத்தைச் சேர்ந்த ஜெய்காவோனுக்கும் இடையில் ஒரு வாயிலும் ஒரு மதிலுமே உண்டு. வாடகை மலிவென்று ஜெய்காவோனிற் குடியிருந்துகொண்டு இப்பக்கம் வேலைக்கு வந்துபோன பூட்டானியர் குடும்பத்தோடு வீட்டை விட்டு வரவேண்டியதாயிற்று. கட்டட வேலைக்கு வந்த இந்தியத் தொழிலாளர் திரும்பிப்போனபின் பாலங்களும் வீடுகளும் பாதியில் நின்றன. 2020இல் தேசத்தின் மொத்த உற்பத்தி பத்திலொரு பங்கு சுருங்கிற்று. இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுவது நேர்மை. எல்லையைக் காப்பதில் இந்த ராஜ்யத்துக்குள்ள வன்மை முழுவதும் கருணையால் விளைந்ததன்று. 1990களில் நேபாள மொழி பேசும் தென்பகுதி மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அதே எல்லையைக் கடந்து அகதிகளானதை, பூட்டானின் பெருந்தொற்று வெற்றியைப் புகழ்ந்தெழுதுவோர் பெரும்பாலும் நினைப்பதில்லை.

இரண்டாம் தவணையின் கதை வேறு விதமானது. இந்தியாவில் இரண்டாம் அலை பெருகி ஏற்றுமதி நின்றபோது, முதல் ஊசி போட்டுக்கொண்ட நான்கே முக்கால் லட்சம் ஜனங்களும் பன்னிரண்டு வாரத் தவணையை எண்ணிக்கொண்டு நடுவழியில் நின்றார்கள். தூதர்கள் பல தேசங்களின் வாசலில் நின்று கேட்டதன் பலனாக அமெரிக்காவிலிருந்து 5,00,000 மாடர்னா ஊசிகளும், டென்மார்க்கிலிருந்து 2,50,000 ஆஸ்ட்ராசெனகா ஊசிகளும், சீனாவிலிருந்து சிறிதளவு சைனோஃபார்மும் 2021 ஜூலையில் வந்து சேர்ந்தன. முதலிற் போட்டது ஒரு வகை, அடுத்து வந்தது பெரும்பாலும் வேறு வகை, இரண்டையும் கலக்கலாமா? உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக அப்போதிருந்த நம் சௌமியா சுவாமிநாதன் அதே மாதத்தில், தனி மனிதர் தம் இஷ்டப்படி ஊசிகளை மாற்றிப் போட்டுக்கொள்வதை ஆபத்தான போக்கென்று எச்சரித்தார். கிடைத்துள்ள சான்றுகளைக் கொண்டு அதனைத் தீர்மானிக்க வேண்டியவை பொதுச் சுகாதார அமைப்புகளே என்று விளக்கமும் தந்தார். திம்புவிலிருந்த வைத்திய மந்திரிசபை செய்தது அந்த விளக்கத்திற் சொன்னதைத்தான். ஜூலை 20இல் தொடங்கிய இரண்டாம் தவணை ஒரு வாரத்துக்குள் தகுதியுள்ளோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சேர்ந்தது.

அக்கணமே கதவைத் திறந்திருக்கலாம். திறந்தவர்கள் இருந்தார்கள். செஷல்ஸ் தீவுகள் ஜனங்களில் பெரும்பாலோர்க்கு ஊசி போட்ட நம்பிக்கையில் 2021 மார்ச் 25இல் தென்னாப்பிரிக்கா நீங்கலாக ஏனைய தேசத்தாரையெல்லாம் வரவேற்றன. மே மாதத்தில் நோய் பெருகவே மீண்டும் கட்டுப்பாடுகளை விதித்தன. தாய்லாந்து, ஜூலை முதல் தேதியன்று புக்கெட் தீவை மட்டும் திறந்து, ஊசி போட்ட யாத்திரிகர் பதினான்கு நாள் தீவைவிட்டு நகரலாகாதென்று நிபந்தனை விதித்தது. யுக்தி அழகானதே, ஆனால் அது கடல் சூழ்ந்த நிலத்துக்கு இசைந்த யுக்தி. பூட்டான் மேலும் பதினான்கு மாதங்கள் காத்திருந்தது. இடையில் ஓமிக்ரான் வந்து 2022இன் முதல் மாதங்களில் திம்பு மறுபடியும் வாரக்கணக்கில் அடைபட்டது; சிறுவர்க்கும் ஊசி போட்டு, பெரியோர்க்கு ஊக்கத் தவணையும் போட்டபிறகே தொற்று பரவுவதைச் சகித்துக்கொள்ளத் துணிந்தார்கள். முடிவில் மாண்டவர் தொகை 21 என்று நின்றது. அந்தக் காத்திருப்பைக் குறைகூற எனக்கு வாயில்லை.

குறைகூற இடமிருப்பது திறந்த விதத்தில். 2022 செப்டம்பர் 23ஆம் தேதி கதவு திறந்தது. அன்று முதல் இரவொன்றுக்கு 200 டாலர் ‘நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்’ வசூலிக்கப்பட்டது. அந்நாடு அயலார்க்கு முதன்முதலாக வழிவிட்ட 1974 முதல், ‘விலை மிகுதி, கூட்டம் குறைவு’ என்பதே அதன் சித்தாந்தம். ஆனால் பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 250 டாலருக்குள் விடுதி, உணவு, வழிகாட்டி, வண்டி எல்லாம் அடங்கி, அரசுக்கு அதில் 65 டாலரே சேர்ந்தது. புதிய சட்டத்தின்படி 200 டாலரும் அரசுக்கே; மற்றச் செலவெல்லாம் தனி. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. 2019இல் வந்த 3,15,000க்கு மேற்பட்ட யாத்திரிகருள் நான்கில் மூன்று பங்கினர் கட்டணமே செலுத்தாத அண்டை நாட்டவர். மலைப்பாதைகளும் மடாலய முற்றங்களும் அந்தக் கூட்டத்தைத் தாங்கவில்லை என்ற புகாரிற் சத்தியம் உண்டு. இப்போது இந்தியருக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய் என்று வைத்ததும் தகும். ஆனால் இரண்டரை ஆண்டு பட்டினி கிடந்த விடுதிக்காரனிடத்தில், வழிகாட்டும் தொழிலை விட்டுக் கட்டட வேலைக்குப் போயிருந்த இளைஞனிடத்தில், வரப்போகிறவன் பணக்காரனாயிருப்பான், ஆகையால் சிலர் வந்தாலே போதும் என்று சொன்னபோது, அரசாங்கம் ஊசிப்பந்தலில் வரிசையாய் நின்ற தன் பிரஜைகளையே மனத்திற் கொண்டு அயலாரைக் கணித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பந்தலுக்கு வந்தவர்க்கு அரசரின் சொல் இருந்தது, பிக்குகள் குறித்த நாள் இருந்தது. பாரோ விமான நிலையத்துக்கு வரவேண்டியவனோ நேபாளத்தின் விலையோடு ஒத்துப் பார்ப்பான், அவ்வளவே.

2023இல் வந்தவர் சற்றேறக்குறைய ஒரு லட்சம். பழைய தொகையில் மூன்றிலொரு பங்கு. அவ்வாண்டு கோடையில், சில நாள் கட்டணம் செலுத்தினால் சில நாள் இலவசமென்று சலுகைகள் வந்தன. செப்டம்பரில் கட்டணமே பாதியாகி 100 டாலராயிற்று, 2027 ஆகஸ்டு வரை அதுவே நீடிக்குமென்றார்கள். தவற்றை ஓராண்டிற்குள் திருத்திக்கொள்ளும் அரசு இகழத்தக்கதன்று. எனினும் உலகமே வியந்த அந்தத் தடுப்பூசிக் காலத்தை நடத்திய கட்சி, 2023 நவம்பரில் நடந்த தேர்தலின் முதற்சுற்றிலேயே வெளியேற்றப்பட்டது.

கதவு திறந்தபின் உள்ளே வந்தவரைவிட வெளியே போனவரே பெரிய செய்தியாயினர். ஆசிரியர்களும் செவிலியரும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கு, விசேஷமாகப் பெர்த் நகரத்துக்கு, புறப்பட்டுப்போனார்கள். ஊசி போட்ட கைகளிற் சிலவும் அவர்களோடு போயின. 2021 ஜூனில், 4,300 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களைக் கடந்து ஐந்து நாள் கால்நடையாகச் சென்று, தொலைதூர ஊர்களில் பணியாற்றிய சுகாதார ஊழியர்க்கு நேரில் நன்றி சொன்ன அரசர், 2024 அக்டோபரில் தம் ஜனங்களைக் காணப் பெர்த்துக்கு விமானமேறினார்.