பொன்முடியை அறிந்த குரல்: பறத்தல் சிமுலேட்டரில் ரேடார் வெக்டரிங் வளர்ந்த வரலாறு

சென்னை விமான நிலையத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால், அது ஏறத்தாழ பொன்முடிக்கு மேலாகவே போகும். அங்கிருந்து ஓடுபாதைக்குச் சுமார் 20 கடல் மைல். பொன்முடியின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். அதற்குத் தென்கிழக்கே உள்ள அகத்தியர் மலை 1,868 மீட்டர். ஓடுபாதையோ கடற்கரையை ஒட்டி, கடல் மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே கிடக்கிறது. இறங்க வரும் விமானத்துக்குத் திசையும் உயரமும் சொல்லி ஓடுபாதையின் நேர்கோட்டில் கொண்டுவந்து சேர்க்கும் வேலையே ரேடார் வெக்டரிங். அதைப் பாவனையாகச் செய்துகாட்டும் கருவிகள் குரலை முதலில் கற்றன, நிலத்தைப் பின்னரே கற்றன என்பதையும், அந்த இடைவெளியை மனிதர்களே நிரப்பினார்கள் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பொறுப்பு கைமாறும் இடம்

விமானி தன் வழியில் பறக்கும்வரை மலையைத் தவிர்ப்பது அவர் பொறுப்பு. கட்டுப்பாட்டாளர் "இடப்பக்கம் திரும்பி ஹெடிங் 140" என்று திசை சொல்லத் தொடங்கியதும், தரைத் தடைகளுக்கு மேல் போதிய உயரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமை கட்டுப்பாட்டாளருக்கு வந்துவிடுகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி இது. சமவெளியில் குறைந்தது 1,000 அடி, மலைப்பகுதியில் 2,000 அடி இடைவெளி என்பது பொதுவான அளவு. ஆகவே, நிலத்தை அறியாதவர் வெக்டர் கொடுக்கக் கூடாது. பாவனைக் கருவிகளையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும்.

பெட்டிக்குள் பறந்த காலம்

அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929-இல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டியே இந்த வரலாற்றின் தொடக்கம். 1934-இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டபின், ராணுவம் இப்பெட்டிகளை வாங்கியது. மூடிய பெட்டிக்குள் மாணவர் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பார். வெளியே ஆசிரியர் மேசையில் விரித்த வரைபடத்தின்மீது மூன்று சக்கரச் சிறுகருவி ஒன்று ஊர்ந்து, அவர் போகும் பாதையை மையால் வரைந்துகொண்டே வரும். ஆசிரியர் அதைப் பார்த்தபடி ஒலிவாங்கி வழியே கட்டளை சொல்வார். பாவனை வானில் கட்டுப்பாட்டாளராகப் பேசிய முதல் மனிதர்கள் இவர்களே. அவர்கள் கண்முன் வரைபடம் இருந்தது என்பது கவனத்துக்குரியது.

உண்மையான வானிலும் குரல் வழிகாட்டத் தொடங்கியது: இரண்டாம் உலகப் போரில் இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸின் குழு அமைத்த ரேடார் முறை, மேகத்துக்குள் வரும் விமானத்தைக் குரலாலேயே தரையிறக்கியது.

இந்தியாவின் பாடம்

1935-இல் டாட்டாவின் தபால் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியபோது, விமானியின் கண்ணே ரேடார். சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் அலகாபாத்தில் தொடங்கிய சிவில் விமானப் பயிற்சிக் கல்லூரி கட்டுப்பாட்டாளர்களை உருவாக்கியது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். அன்று டெல்லிக் கட்டுப்பாட்டாளரின் ரேடார் விமானத்தின் இடத்தைக் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. உயரம் தெரியாமல் திசை மட்டும் தெரிவது எத்தனை ஆபத்து என்பதை இந்தியா மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது.

வீட்டுக் கணினியில்

1982-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் வானம் ஏறத்தாழ தனிமையானது. 2001-இல் வந்த 2002 பதிப்பில்தான் அத்தொடரின் பயனாளர் கட்டுப்பாட்டாளரோடு உரையாடி, வெக்டர் பெற்று இறங்க முடிந்தது. குரல் இருந்தது, ஒழுங்கான சொற்றொடர் இருந்தது. தரை உணர்வு இல்லை. ஓடுபாதைக்கு இணைகோடு, செங்குத்துத் திருப்பம், பிறகு இறுதிக்கோடு என்ற வடிவக் கணக்கையே நிரல் போட்டது. மலைநாட்டு விமான நிலையங்களில் அது விமானங்களை மலைச்சரிவை நோக்கி அனுப்பியது பயனாளர்கள் நன்கு அறிந்த குறை.

அதே 2001-இல், சிமுலேட்டரில் பறப்பவர்களை இணையவழியே மனிதக் கட்டுப்பாட்டாளர்களோடு சேர்க்கும் வாட்சிம் வலையமைப்பு உருவானது. 1998 முதல் ஐவிஏஓ என்ற இதேபோன்ற வலையமைப்பும் உண்டு. இவற்றில் தன்னார்வலர்கள் படித்து, தேர்வெழுதி, படிப்படியாகத் தகுதி பெற்று ரேடார் திரைமுன் அமர்கிறார்கள். லிங்க் ஆசிரியரின் இடத்துக்கு மனிதர் மீண்டும் வந்தார்.

பொன்முடிச் சோதனை

திருவனந்தபுரத்தில் ஐஎல்எஸ் (கருவிவழித் தரையிறங்கு அமைப்பு) உள்ள ஓடுபாதை 32. சென்னை விமானம் அதில் இறங்க, தென்கிழக்கே சுற்றி வர வேண்டும். இணைகோட்டுத் திசை 140. பொன்முடிக்கு மேல் வந்த விமானத்துக்கு அங்கேயே ஹெடிங் 140 கொடுத்தால் என்ன ஆகும் என்று வரைபடத்தில் அளந்தால், விடை அச்சுறுத்துகிறது: சுமார் 11.5 கடல் மைலில் நேர் எதிரே அகத்தியர் மலை, 6,129 அடி. 240 நாட் வேகத்தில் மூன்று நிமிடம்கூட இல்லை. கூடவே 4,000 அடிக்கு இறங்கச் சொல்லியிருந்தால், வடிவக் கணக்கில் பிழையே இல்லாத அந்தக் கட்டளை கொல்லும் கட்டளை.

நிலம் அறிந்தவர் 9,000 அடியை விடாமல் பிடித்து, விமானத்தை நெடுமங்காடு பக்கம் தென்மேற்கே இழுப்பார். மலை முதுகுக்குப் பின்னால் போன பிறகே 3,000 அடிக்கு இறக்குவார். நெய்யாற்றின்கரையைத் தாண்டி 230, பூவாறை நெருங்கி 290. முப்பது பாகைக் கோணத்தில் விமானம் இறுதிக்கோட்டைப் பிடிக்கும். 3,000 அடியில் நேராக வரும் விமானம், மூன்று பாகைச் சரிவுப் பாதையை ஓடுபாதைக்கு 9 மைல் அளவில் கீழிருந்து சந்திக்கும். விழிஞ்ஞம் அதற்குப் பிறகுதான்.

உள்ளூர் அறிவு மலையோடு முடிவதில்லை. பங்குனி, ஐப்பசி ஆறாட்டு நாட்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் செல்வதற்காக விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படுகிறது. அந்த நேரத்தில் வரும் விமானத்தைக் காக்கவைக்க வேண்டும் என்பதையும் கட்டுப்பாட்டாளர் அறிந்திருக்க வேண்டும்.

முடிவு

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மலைகளை வியக்கத்தக்க அளவில் காட்டுகிறது. ஆனால் மலையை வரைவது வேறு, அதைக் கணக்கில் வைத்துக் கட்டளை இடுவது வேறு. பாவனையின் தரத்தைப் படத்தின் அழகால் அளப்பதை நிறுத்த வேண்டும். திருவனந்தபுரத்தில் சிமுலேட்டரில் இறங்கிப் பழகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹெடிங்கை ஏற்கும் முன், அப்ரோச் வரைபடத்தில் 25 மைல் வட்டத்துக்குள் குறித்திருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தைப் பாருங்கள். சொல்லும் குரல் அதற்குக் கீழே இறங்கச் சொன்னால், காரணம் கேளுங்கள்.