ஆணியில்லாக் கட்டுமரமும் நாசில் துளையும்: விழுப்புரம் கடற்கரையில் சிறு டீசல் எஞ்சினின் எரிபொருள் வழி

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரை, முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டால் புகழ்பெற்றது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிக் கோயில் எடுக்கப்பட்டதாகக் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டு கூறுகிறது. கட்டடக்கலை வரலாற்றில் பலமுறை எடுத்தாளப்பட்ட இச்செய்திக்கு மற்றொரு பயனும் உண்டு. ஒரு தொழில்நுட்ப மாற்றத்தை, எப்பொருள்கள் கைவிடப்பட்டன என்பதைக் கொண்டே அது பதிவு செய்கிறது.

இதே மாவட்டத்தின் கீழைக் கரையில், மரக்காணம் தொடங்கித் தெற்கே நீளும் மீனவர் குப்பங்களில் நெடுங்காலம் வழங்கிய கட்டுமரமும் உலோகம் வேண்டாத கலமே. செதுக்கிய மரங்கள் ஆணியின்றிக் கயிற்றால் பிணைக்கப்பட்டன. கயிறு அறுந்தால் கரையிலேயே மீண்டும் கட்டலாம். இக்கலத்தின் இடத்திற்கு டீசல் எஞ்சின் பொருத்திய படகு வந்தது பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் படகுகளின் எண்ணிக்கை, குதிரைத்திறன், மானியம், விசைப்படகினருக்கும் நாட்டுப்படகினருக்கும் இடையிலான பூசல் ஆகியவற்றையே அளவைகளாகக் கொள்கின்றன. எஞ்சினுக்குள் எரிபொருள் செல்லும் வழி அவற்றில் இடம்பெறுவது அரிது. பழுது பார்க்கும் அறிவு கரையை விட்டு நகரத்திற்குச் சென்றதன் காரணம் அவ்வழியிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் காற்று அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அச்சூட்டில் தூவப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. எனவே எண்ணெயை உரிய நொடியில், உரிய அளவில், அக்காற்றின் அழுத்தத்தை மீறி உட்செலுத்துவதே இவ்வெஞ்சினின் அடிப்படைச் சிக்கல். 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமான எஞ்சினை இயக்கிக் காட்டிய ருடால்ஃப் டீசல், மிகை அழுத்தக் காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதிச் செலுத்தினார். அதற்குத் தனியே ஒரு காற்றழுத்தி வேண்டும். கப்பலுக்கு அது பொருந்தியது. சிறு படகுக்குப் பெருஞ்சுமை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1922இல் தொடங்கிய முயற்சியின் பயனாக 1927இல் உட்செலுத்து பம்புகளைத் தொடர் உற்பத்திக்குக் கொணர்ந்த பின்னரே, விரைவாகச் சுழலும் சிறு டீசல் எஞ்சின் பரவலாயிற்று. இந்தியாவில் இப்பம்புகளின் உற்பத்தி, 1951இல் பெங்களூரில் நிறுவப்பட்ட மைக்கோ நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

சிறு எஞ்சினின் அமைப்பு எளியது. தொட்டியிலிருந்து இறங்கும் டீசல் வடிகட்டி வழியே பம்பை அடைகிறது. பம்பினுள் பிளஞ்சர் எனப்படும் தண்டு மேலெழும்போது நுழைதுளை மூடப்பட்டு, அடைபட்ட எண்ணெயின் அழுத்தம் உயர்கிறது. ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் நாசிலின் ஊசி தூக்கப்பட்டு, எண்ணெய் நுண்துளைகளின் வழியே புகையெனத் தூவப்படுகிறது. பிளஞ்சரில் சாய்வாக வெட்டப்பட்ட பள்ளம் துளையை எட்டியதும் அழுத்தம் விழுந்து செலுத்தல் நிற்கிறது. பிளஞ்சரைச் சற்றே திருப்பினால் அத்தருணம் மாறும். விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் இதனாலேயே நிகழ்கின்றன. ஊசியின் ஓரமாகக் கசியும் எண்ணெய் தனிக்குழாய் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது.

மணிக்கு 2 லிட்டர் டீசல் எரித்து, நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலும் ஒற்றை உருளை நான்குவீச்சு எஞ்சின் ஒரு மணி நேரத்தில் 90,000 முறை எண்ணெயைத் தூவும். ஒரு முறைக்கு வருவது 0.02 மில்லிலிட்டரை ஒட்டிய அளவு, அதாவது ஒரு சொட்டு நீரில் பாதிக்கும் குறைவு. இதனைப் பிசகாமல் அளந்தனுப்ப, பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே இருத்தல் வேண்டும். எனவே இரண்டும் இணையாகவே தேய்த்து உருவாக்கப்படுகின்றன. ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். அவற்றுக்கு உயவு தருவதும் ஓடும் டீசலே. அதில் உப்புநீர் கலந்தால் உயவு குன்றித் துரு பற்றும். மணல் கலந்தால் கீறல் விழும். காற்று புகுந்தால் பிளஞ்சர் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை அழுத்திக்கொண்டிருக்கும், எஞ்சின் நின்றுவிடும்.

இந்நுண்மையைக் கொண்டே இக்கரையின் வரலாற்றைப் படிக்க வேண்டியுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சினால் பாசன நீர் இறைக்கும் முயற்சிகளை முன்னெடுத்தார். அதே பத்தாண்டில் பிரெடரிக் நிக்கல்சன் மாகாண மீன்வளப் பணியைத் தொடங்கினார். கிணற்றங்கரைக்கு எஞ்சின் வந்தது, கட்டுமரத்துக்கு வரவில்லை. மீனவரின் பழமைப் பற்றே காரணம் எனல் பொருந்தாது. துறைமுகமில்லாத இத்திறந்த கரையில் உடையும் அலையைக் கடந்து கலம் ஏறவும் இறங்கவும் வேண்டும்; அடியில் நிலையாக நிற்கும் சுழல்விசிறி அங்கு மணலில் மோதும். 1952இன் உடன்பாட்டின்படி கேரளக் கரையில் அமைந்த இந்திய–நார்வேத் திட்டத்தைப் போன்றவை ஊக்குவித்த எஞ்சின் படகுகளுக்கு ஒதுங்க ஒரு முகத்துவாரமோ துறையோ தேவைப்பட்டது.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் இச்சிக்கலை நேரடியாக எடுத்துக்கொண்டது. படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்ட்சன் முதலானோர் பங்காற்றிய கரையேறு படகுகளில், எஞ்சினும் சுழல்தண்டும் ஒரே அலகாகச் சாய்ந்து விசிறியை மேலே தூக்கின. எஞ்சினே அசையும் இவ்வமைப்பில் எரிபொருள் குழாய் வளைந்து கொடுப்பதாகவும், இணைப்புகள் காற்றுப் புகாதனவாகவும் இருந்தாக வேண்டும். பின்னர் இழைக்கண்ணாடிப் படகுகளில் பரவிய லாங்டெயில், காற்றால் குளிரும் ஒற்றை உருளை எஞ்சினைப் பின்புறத்தில் திறந்தபடி நிறுத்தியது. வயற்காட்டில் நீர் இறைத்த எஞ்சின் இனமே இது. தொட்டியை எஞ்சின்மேலேயே வைத்தால் எண்ணெய் தானாக இறங்கும். ஆனால் தொட்டி மூடியின்மீது கடல்நீர் தெறிக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிவாரணத்தில் இத்தகைய படகுகள் பெருகின.

இதன் விளைவு அறிவுப் பங்கீட்டில் தெளிவாகத் தெரிகிறது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் மீனவர் வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று எண்ணெய் மட்டும் ஒழுகும்வரை காத்திருந்து, அடுத்து நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றிக் காற்றை வெளியேற்றுகிறார். ‘ஏர் எடுத்தல்’ எனப்படும் இப்பணி எந்தப் பயிற்சிப் பள்ளியும் இன்றிக் கரையின் சொந்த அறிவாகிவிட்டது. டீசலைத் துணியில் வடித்து ஊற்றுவதும் அவ்வாறே. துணி மணலைத் தடுக்கும். நீரை முழுதும் தடுக்காது. பிளஞ்சர் தேய்ந்தாலோ, நாசில் தூவாமல் ஒழுகினாலோ குப்பத்தில் செய்வதற்கு ஏதுமில்லை. அழுத்தமானி பொருத்திய சோதனைக் கருவி உள்ள நகரப் பட்டறைக்குப் பம்பைக் கழற்றி எடுத்துச் செல்ல வேண்டும். புதிய இணை வாங்கிப் பொருத்தி வரும்வரை படகு மணலில் கிடக்கும்; அந்நாள்களின் பிடிப்பு இல்லை, எஞ்சினுக்கென வாங்கிய கடனின் வட்டி மட்டும் ஓடும்.