பேஸ் கிடாரும் எங்கள் வீட்டு ரேடியோவும்

ஆனைக்கரையில் எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் எப்போதும் ராஜா பாட்டுதான். மலையிறங்கினால் கம்பம். அந்தப் பக்கம்தான் அவர் பிறந்த பண்ணைப்புரம். பக்கத்து ஊர்க்காரர் என்று அப்பாவுக்குப் பெருமை வேறு! ஆனால் உள்ளங்கையளவு ஸ்பீக்கரில் பேஸ் கிடார் எங்கே கேட்கும்? 'பனிவிழும் மலர்வனம்' (1982) பாட்டில் அப்படி ஒன்று ஓடுவதே இங்கே வந்து ஹெட்ஃபோன் மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய ஃபெண்டர் கிடார்கள் இரண்டிலும் அதை வாசித்துக் காட்டினார். ஒன்று பிரிசிஷன், இன்னொன்று ஜாஸ். தந்திக்குக் கீழே காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பிச் சுருள். பிக்கப் என்பது இவ்வளவுதான். லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷனில் ஒரே சுருள், கூடவே ஒரு 'உம்ம்' இரைச்சல். 1957-ல் சுருளை இரண்டாக்கி, எதிரெதிராக அமைத்தார்கள். இரைச்சல் அடங்கியது. நாதம் தடித்து, நெஞ்சில் இடிக்கும். 1960-ல் வந்த ஜாஸில் இரண்டு பிக்கப். பிரிட்ஜ் பக்கம் இருப்பது மேல்சுரங்களை அதிகம் பிடிக்கும், கொஞ்சம் உறுமும்.

என் ஓட்டு ஜாஸுக்கு. (நண்பருக்குக் கோபம்!) அந்த மேல்சுரங்கள் எங்கள் ரேடியோவிலும் கொஞ்சமாவது கேட்டிருக்கும். அப்பா கடைசி வரைக்கும் பாதிப் பாட்டைத்தான் கேட்டார்.