சார்ஜ் சைக்கிளில் போனால் உடம்புக்கு வேலை இருக்கிறதா? உழைப்பை அளக்கும் வழிகள்

மோட்டார் பூட்டிய சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கருத்துகள் உடனே வரும். "மோட்டார் இழுக்குது, இதில என்ன உடற்பயிற்சி?" என்பது ஒன்று. "பெடல் இருக்குதுதானே, சைக்கிள் ஓடின மாதிரித்தான்" என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. எவ்வகை மோட்டார், எவ்வளவு உதவி, எந்தத் தெரு, எப்படிப்பட்ட காற்று என்பவையே ஒருவர் எவ்வளவு உழைக்கிறார் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதை அளக்கலாம். அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை.

பூநகரி போன்ற இடத்தில் இது சும்மா எழும் கேள்வி அல்ல. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் போகிறவர்களிடம் "உடம்பை அசையுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்கும், காலில் செல் துண்டு பட்டவருக்கும், வயது போனவருக்கும் சாதாரண சைக்கிளில் எதிர்க்காற்றுக்கு உழக்குவது இயலாத காரியம். அவர்கள் மோட்டார் சைக்கிளுக்கோ பஸ்ஸுக்கோ மாறிவிடுகிறார்கள். உடம்புக்கான வேலை அத்தோடு நின்றுவிடுகிறது. மின்சார சைக்கிள் இந்த இடைவெளியை நிரப்புமா என்பதே கேள்வி.

சைக்கிளை நம்பி வாழ்ந்த மண்

பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாம் சைக்கிளிலேயே போயின. டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலமும் அதுதான். இன்றைய கணக்கில் சொன்னால், மனிதக் கால் மின்சாரம் உண்டாக்கிய காலம். 2008 நவம்பரில் பூநகரி இராணுவத்தின் கைக்குப் போனது. கிழக்கே நகர்ந்த இடப்பெயர்வு முழுவதிலும் கரியரில் மூட்டை கட்டிய சைக்கிள்கள் கூடவே போயின.

மீள்குடியேற்றத்தின் பின் நிலைமை மாறியது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் யாழ்ப்பாணம் கிட்டவந்தது. லீசிங்கில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. 2022 இல் பெற்றோல் விலை லீற்றர் 470 ரூபாய் வரை ஏறி, கியூ.ஆர். அட்டைக்கு வரிசையில் நின்றபோதுதான் பலர் மறுபடியும் சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். மின்சார சைக்கிள் பற்றிய தேடலும் அந்த நெருக்கடியோடு கூடியது.

எல்லாச் சார்ஜ் சைக்கிளும் ஒன்றல்ல

உழைப்பை அளப்பதற்கு முன் வண்டி எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வகை, கை அக்சிலேட்டரில் ஓடுவது. முறுக்கினால் போகும். பெடல் பெயருக்கு இருக்கும். அக்சிலேட்டரில் மட்டும் ஓடினால் இருந்த இடத்தில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலான வேலைதான் உடம்புக்கு.

இரண்டாம் வகை, பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பது. காந்தமும் சிறிய உணரியும் சேர்ந்து "கால் சுற்றுகிறது" என்று அறிந்தவுடன் மோட்டாரை இயக்கும். எவ்வளவு அழுத்தி உழக்குகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பெடலைச் சும்மா சுற்றிக்கொண்டே முழு வேகத்தில் போய்விடலாம். மலிவான வண்டிகளும், பழைய சைக்கிளில் பூட்டும் மோட்டார் தொகுதிகளும் பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாம் வகை, கால் கொடுக்கும் அழுத்தத்தை அளப்பது. மெதுவாக அழுத்தினால் குறைவான உதவி, பலமாக அழுத்தினால் கூடிய உதவி. கால் ஓய்ந்தால் மோட்டாரும் ஓய்ந்துவிடும். இதில் ஏமாற்ற முடியாது. விலையும் கூட.

ஐரோப்பாவில் மின்சார சைக்கிளைச் சாதாரண சைக்கிளாகக் கருத மூன்று நிபந்தனைகள் உண்டு. மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படக்கூடாது, உழக்கும்போது மட்டுமே உதவ வேண்டும், மணிக்கு 25 கிலோமீற்றரில் உதவி நின்றுவிட வேண்டும். கீழே சொல்லப்படும் ஆய்வுகள் உழக்கினால் மட்டும் உதவும் வண்டிகளைக் கொண்டு நடந்தவை. அக்சிலேட்டர் வண்டிக்கு அந்த முடிவுகள் பொருந்தாது.

வாட் கணக்கு: மேடில்லாத பூநகரியில் காற்றுத்தான் மேடு

உழைப்பின் அளவு வாட். பெடலில் எவ்வளவு திருப்பு விசை, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வாட் வரும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 25 கிலோ எடையுள்ள மின்சார சைக்கிளில் சமதளமான தார் வீதியில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்று இல்லாதபோது மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறத்தாழ 55 வாட் போதும். 20 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறத்தாழ 100 வாட் வேண்டும். இப்போது மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசட்டும். அதே 15 கிலோமீற்றர் வேகத்தைக் காப்பாற்ற 130 வாட் வரை தேவைப்படும். இரண்டு மடங்கிலும் கூட.

பூநகரியில் ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் வயல்வெளியிலும் கடற்கரையிலும் காற்றை மறிக்கவும் ஒன்றுமில்லை. இந்தக் காற்றை நம்பித்தான் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைத் திட்டங்களை முன்வைத்து, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. சோளகம் வீசும் மாதங்களில் பரந்தனுக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். முழங்காவில் பக்கம் போகிறவருக்குப் போக்கிலேயே எதிர்க்காற்று. ஒரே தூரம், ஒரே வண்டி என்றாலும் போக்கில் செய்த வேலையும் வரவில் செய்த வேலையும் ஒன்றல்ல. உழைப்பைக் கிலோமீற்றரில் மட்டும் அளந்தால் பிழைக்கும் என்பது இதனால்தான்.

திரையில் தெரியும் எண் யாருடையது?

பல வண்டிகளின் கைபிடியில் உள்ள சிறு திரையில் "200 வாட்" என்று காட்டும். அதைப் பார்த்துத் தன் கால் பலம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான மலிவு வண்டிகளில் அது பற்றரியிலிருந்து மோட்டார் எடுக்கும் வாட். அந்த எண் கூடக்கூட உங்கள் வேலை குறைகிறது என்றே பொருளாகலாம். அழுத்த உணரி உள்ள உயர்விலை வண்டிகள் சிலவே ஓட்டுபவரின் வாட்டைத் தனியாகக் காட்டும்.

கைத்தொலைபேசிச் செயலிகள் காட்டும் கலோரியும் அப்படித்தான். அவை வேகத்தையும் உடல் எடையையும் வைத்துக் கணக்கிடுகின்றன. மோட்டார் இருப்பது அவற்றுக்குத் தெரியாது. மின்சார சைக்கிள் என்று தனியாகத் தெரிவு செய்யாவிட்டால் செய்யாத வேலைக்கும் கணக்கு எழுதிவிடும்.

கருவி இல்லாமல் அளக்க நான்கு வழிகள்

ஒன்று, கதைத்துப் பார்ப்பது. உழக்கிக்கொண்டே கதைக்க முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. உடல்நலத்துக்கு வேண்டிய அளவு அதுதான். தாராளமாகப் பாட முடிந்தால் உதவியை ஒரு படி குறையுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் ஒரு படி கூட்டுங்கள்.

இரண்டு, நாடி பார்ப்பது. நிறுத்தியவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். 220 இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு அண்ணளவாக வரும். அதில் 64 முதல் 76 வீதம் வரை மிதமான உழைப்பு. 50 வயதானவருக்கு நிமிடத்துக்கு 109 முதல் 129 வரை. 15 செக்கனில் 27 முதல் 32 வரை. ஆனால் பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலோல், பிசோப்ரோலோல் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. அந்த மருந்துகள் துடிப்பை அடக்கிவைக்கும். அவர்கள் கதைத்துப் பார்க்கும் முறையையே நம்ப வேண்டும். கொளுத்தும் வெயிலும் துடிப்பைக் கூட்டும் என்பதால் எப்போதும் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது.

மூன்று, பற்றரிக் கணக்கு. 36 வோல்ட், 10 அம்பியர்-மணி என்று எழுதிய பற்றரியில் 360 வாட்-மணி சக்தி உண்டு. காற்றில்லாத விடிகாலையில் வாடியடியிலிருந்து பரந்தன் வரை ஏறத்தாழ 25 கிலோமீற்றரை ஒன்றேகால் மணித்தியாலத்தில் ஓடினால் மொத்தம் சுமார் 125 வாட்-மணி வேலை தேவை. பற்றரியில் கால்வாசி, அதாவது 90 வாட்-மணி குறைந்திருந்தால், மோட்டாரில் வெப்பமாக வீணாவது போகச் சில்லுக்கு வந்தது 68 வாட்-மணி அளவு. மீதி 57 உங்கள் காலிலிருந்து வந்தது. சராசரியாக 45 வாட். கிட்டத்தட்டப் பாதி வேலை. கலோரியில் இது 200 இலும் குறையாது. பற்றரித் திரையின் கோடுகள் துல்லியமானவை அல்ல என்பதால், நான்கைந்து பயணங்களின் சராசரியை எடுப்பது சரி.

நான்கு, ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரே தெருவில் மோட்டாரை நிறுத்தி ஒருநாள், முதற்படி உதவியோடு ஒருநாள், மூன்றாம் படியோடு ஒருநாள் ஓடி, ஒவ்வொரு முறையும் நேரத்தையும் நாடியையும் குறியுங்கள். எந்தப் படி உங்களுக்கு வேலை கொடுக்கிறது, எது வேலையைப் பறிக்கிறது என்பது மூன்று நாளில் தெரிந்துவிடும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 20 பேர் ஒரு மாதம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் மின்சார சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். 2016 இல் வெளிவந்த முடிவுகளின்படி அவர்களின் உழைப்பு மிதமான அளவில் இருந்தது. உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் கூடியது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் பார்த்த இரத்தச் சீனியும் இறங்கியது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 20 பேருக்கு மின்சார சைக்கிள் கொடுத்துச் சில மாதங்கள் பார்த்தார்கள். நடக்கும்போது உச்சத்தின் 64 வீதமாக இருந்த இதயத் துடிப்பு, மின்சார சைக்கிளில் 75 வீதமாக இருந்தது. மோட்டார் உதவியும் இருந்தும் நடையைவிடக் கூடுதல் வேலை. முடிவில் அவர்களின் கால் பலமும் 10 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 18 பேர் இறுதிவரை நின்றார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் நம் கிளினிக் வரிசையில் நிற்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது.

ஐரோப்பாவின் ஏழு நகரங்களில் நடந்து 2019 இல் வெளிவந்த பெரிய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. மின்சார சைக்கிள்காரர் கிலோமீற்றருக்குக் குறைவாக உழைத்தாலும் அதிக தூரம் ஓடுகிறார். அதனால் வாரக் கணக்கில் அவரது உழைப்பு சாதாரண சைக்கிள்காரருக்குக் குறையவில்லை. காரையோ பஸ்ஸையோ விட்டு வந்தவருக்கு இலாபம். சாதாரண சைக்கிளை விட்டு வந்தவருக்கு அவ்வளவு இலாபம் இல்லை. இங்கும் அதுதான் அளவுகோல். மோட்டார் சைக்கிளை விட்டு இதற்கு வந்தால் உடம்பு தேறும். நன்றாக உழக்கிக்கொண்டிருக்கும் சைக்கிளை விட்டு அக்சிலேட்டருக்கு வந்தால் நட்டம்.

சீனி வருத்தம் உள்ளவரும் காயப்பட்டவரும்

இன்சுலின் போடுபவர், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர் வெறுவயிற்றில் நீண்ட தூரம் உழக்கக்கூடாது. சீனி திடீரென இறங்கலாம். கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால், தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். சட்டைப்பையில் இனிப்போ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர் மூடிய சப்பாத்து அணிந்து, வீடு வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பூட்டியவருக்குத் தொடக்க உந்துதான் கடினம். அங்கே அக்சிலேட்டர் உண்மையான உதவி. தடுமாறாமல் புறப்பட்ட பின் உழக்கலாம். ஆனால் அளவீட்டில் ஒரு கவனம் தேவை. சில வாட் அளவிகள் இடது பெடலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கிக் காட்டுகின்றன. இடது கால் செயற்கையானால் எண் குறைத்துக் காட்டும். வலது கால் செயற்கையானால் கூட்டிக் காட்டும். அவர்களுக்கும் நாடியும் மூச்சும்தான் நம்பகமானவை. பொருத்திய இடம் சிவந்தாலோ உரசினாலோ பயணத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சிலோ முதுகெலும்பருகிலோ செல் துண்டு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும்

வாரத்தில் மொத்தம் 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு அரை மணித்தியாலம், ஐந்து நாள் என்று வைத்தால் குறைந்த அளவு நிறைவேறிவிடும். வயலுக்கோ வேலைக்கோ சந்தைக்கோ போய்வரும் நேரமும் இதில் அடங்கும்.

திகதி, போன இடம், நிமிடம், உதவிப் படி, நிறுத்தியவுடன் நாடி, காற்று எப்பக்கம் என்று ஆறு விடயங்களை எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே தெருவில், அதே படியில், காற்றுக் குறைந்த காலையில் ஓடிப் பாருங்கள். அதே நேரத்தில் போய்ச் சேர்ந்து நாடி முன்பைவிடக் குறைவாக இருந்தால் இதயம் பலப்பட்டிருக்கிறது. அப்போது உதவியை ஒரு படி குறைக்கலாம். அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் எடுத்துப் போனால், சீனி அளவோடு அதை ஒப்பிட்டு மருந்தைத் தீர்மானிக்க வைத்தியருக்கும் உதவும்.