தூக்கானுக்கு ஓர் அஞ்சலி

தென் அமெரிக்காவில் அலகு பெருத்த ஒரு பறவைக்குத் தூக்கான் என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரெஞ்சு விமானப்படை அந்தப் பெயரைத் தன் மூன்று எஞ்சின் சுமை விமானத்துக்குச் சூட்டியது. தமிழ்க் காதுக்கு 'தூக்கமாட்டான்' என்று கேட்கும். ஆனால் இந்தோசீனப் போரின் முதல் ஆண்டுகளில் சிப்பாய், சாப்பாட்டு மூட்டை, காயம்பட்டவர், குண்டு என்று எல்லாவற்றையும் தூக்கியது அதுதான்.

பிறப்பால் அது பிரெஞ்சு விமானமே அல்ல. ஜெர்மனியின் யுங்கர்ஸ் 52. ஜெர்மானியர் செல்லமாக 'யூ அத்தை' என்பார்கள். இந்த அத்தை நடந்து வந்த வழி அப்படி ஒன்றும் சாதுவானதல்ல. 1937-ல் ஸ்பெயினின் குவெர்னிகாவை எரித்த விமானங்களில் இதுவும் உண்டு; 1941-ல் கிரீட் தீவின்மேல் பாரசூட் வீரர்களைக் கொட்டியதும் இதுவே. ஜெர்மனி பிரான்சைப் பிடித்து வைத்திருந்தபோது, பாரிசை ஒட்டிய கொலோம்பில் ஆமியோ கம்பெனியின் தொழிற்சாலையில் இதைச் செய்ய வைத்தார்கள். 1944-ல் பிடித்தவர்கள் ஓடினார்கள். அச்சும் கருவியும் பாகங்களும் கிடந்த இடத்தில் கிடந்தன. தொழிற்சாலை பெயரை மாற்றிக்கொண்டது, வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. எதிரிக்காகச் செய்த அதே விமானம் 400-க்கும் மேல் பிரான்சுக்காக வெளியே வந்தது.

வேறு வழியும் இல்லை. வியத்நாமை உள்ளடக்கிய இந்தோசீனக் காலனியை மீட்கக் கிளம்பிய பிரெஞ்சுப் படையிடம் சொந்தமாக இருந்தது கொஞ்சம். 1945-ல் சைகோனில் இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லெக்லேரின் ஆட்கள் ஏறிவந்த வண்டிகள் ஹிட்லரை விரட்ட அமெரிக்கா கொடுத்தவை. இந்தோசீனாவுக்கென்று நேரடியாக ஆயுதம் விற்க அப்போது வாஷிங்டன் தயாராக இல்லை. ஆனால் தெற்கே இருந்த பிரிட்டிஷ் படை கிளம்பும்போது, அதனிடமிருந்த அமெரிக்க ஜீப்புகளும் லாரிகளுமாகச் சுமார் 800 வண்டிகளை பிரெஞ்சுக்காரர்களிடம் விட்டுப்போக 1946-ல் ட்ரூமன் சம்மதித்தார். திரும்ப எடுத்துப்போவது சிரமமாம். பாரிசுக்குக் கொடுத்த சரக்கு சைகோனில் முளைத்தபோதும் யாரும் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை.

வானத்திலும் அதே கதைதான். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் வந்தது. ஜப்பானியர் விட்டுப்போன ஹயபூசாவில்கூட பிரெஞ்சு விமானிகள் பறந்தார்கள். மரத்தால் செய்த மாஸ்கிட்டோ 1947-ல் வந்து அந்த ஈரக்காற்றைத் தாங்காமல் சில மாதத்தில் திரும்பியது. இரவல் புடவையில் இது நல்ல கொய்யகம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்ட படை அது. அதில் தூக்கானை மட்டும் சொந்த ஊரில் சொந்தக் கையால் செய்தது என்று சொல்லலாம், வரைபடம் யாருடையது என்று கேட்காதவரை.

கிட்டே போய்ப் பார்த்தால் தகரக் கொட்டகைக்குச் சிறகு வைத்தது போலிருக்கும். உடம்பு முழுவதும் நெளிநெளியான அலுமினியத் தகடு. மூக்கில் ஒரு எஞ்சின், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு. அந்த இரண்டும் நேரே பார்க்காமல் சற்று வெளிப்பக்கம் திரும்பி நிற்கும், கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல. சக்கரம் உள்ளே மடங்காது. வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஆனால் சின்ன ஓடுதளம் போதும், கரடுமுரடான தரையும் போதும். காட்டுக்கோட்டைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? குண்டுவீச்சு விமானம் போதாதபோது இதிலேயே குண்டையும் கட்டினார்கள்.

1947 அக்டோபர் 7-ல் வியத்நாம் விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோ சி மின்னைப் பிடிக்க பாக் கான் மீது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாரசூட் வீரர்கள் குதித்தார்கள். தூக்கானும் அமெரிக்காவின் டகோட்டா விமானமுமாக நடை நடையாகக் கொண்டுவந்து இறக்கின. ஹோ மயிரிழையில் தப்பினார். அடுத்த ஆண்டின் கடைசியில், பிற நாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரான்சின் வெளிநாட்டுப் படையணியின் பாரசூட் பட்டாலியன் வந்தது. அதில் ஜெர்மானியர் நிறையப் பேர். ஜெர்மன் வரைபடத்தில் பாரிசுக்குப் பக்கத்தில் செய்த விமானத்திலிருந்து, பிரெஞ்சுக் கொடிக்காக, வியத்நாமின் வயல்மீது ஜெர்மானியர் குதித்தார்கள். அந்த விமானத்துக்குத் தன் பழைய ஆட்களை அடையாளம் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கானின் ஜெர்மன் எஞ்சின், பிஎம்டபிள்யூ 132. அதன் மூலம் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி கம்பெனியின் ஹார்னெட். உரிமம் வாங்கிச் செய்ய ஆரம்பித்து வளர்த்தது. உள்ளே துடித்தது முதலிலிருந்தே அமெரிக்காவின் வித்துதான்.

தூக்கானின் சாவும் அந்தத் திசையிலிருந்தே வந்தது. கம்யூனிஸ்டான மா சேதுங் சீனாவைப் பிடித்தார்; வாஷிங்டன் மனம் மாறியது. 1950 மே 8-ல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அச்சீசன் இந்தோசீனாவுக்கு உதவி என்று அறிவித்தார். ஜூனில் கொரியப் போர் மூண்டது. அந்த மாதக் கடைசியில் எட்டு டகோட்டாக்கள் பசிபிக்கைக் கடந்து சைகோனுக்கு வந்தன. முன்பும் டகோட்டா இருந்ததுதான். ஆனால் இவை அமெரிக்கா நேரே கொண்டுவந்து கொடுத்தவை. வேகம் அதிகம், சுமை அதிகம், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். அதன்பின் தூக்கான்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. 1953 நவம்பரில் வடமேற்கு வியத்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சு வீரர்கள் குதித்தது டகோட்டாக்களிலிருந்து. யாரும் தூக்கானைத் தேடவில்லை. இனாமாகக் கிடைக்கும்போது பழைய தகரத்தை யார் பார்ப்பார்கள்?

இனாம் அதோடு நிற்கவில்லை. போர்ச் செலவில் பெரும்பங்கு அமெரிக்காவினுடையது ஆயிற்று. 1954 பிப்ரவரியில் விமானங்களைப் பழுதுபார்க்க 200 அமெரிக்க விமானப்படை ஆட்கள் வந்தார்கள். பிறகு தியன் பியன் பூவுக்குச் சரக்கு போட, அமெரிக்க விமானப்படையிடம் கடன் வாங்கிய சி-119 விமானங்களில் பிரெஞ்சு வட்டச் சின்னத்தைப் பூசி, ஒப்பந்த அமெரிக்க விமானிகளையே ஓட்ட வைத்தார்கள். அவர்களில் மெக்கவர்ன், புஃபோர்ட் இருவரும் மே 6-ல் சுடப்பட்டு லாவோஸ் எல்லைக்குள் விழுந்து இறந்தார்கள். மறுநாள் தியன் பியன் பூ ஹோவின் படையிடம் வீழ்ந்தது.