சேற்றில் இறங்கும் முழங்கால்: குருத்தெலும்பு மீளுருவாக்கச் சிகிச்சையும் காவிரி டெல்டாவும்

குருத்தெலும்பு மீளுருவாக்கம் பற்றிய முதன்மையான மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வகை முழங்காலைத்தான் எடுத்துக்கொண்டன. நோயாளிக்கு வயது 55-க்குள், காயம் ஓரிடத்தில் மட்டும், எதிர்ப்புறக் குருத்து கெடவில்லை, கால் வளையவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நடவும் களையும் பார்த்தே தேய்ந்த முழங்கால் இந்த வரம்புக்குள் அடங்குவது அரிது. எனவே அந்த முடிவுகளை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது தவறு என்பதும், எதை 'முழங்கால் நலம்' என்று அளக்கிறோம் என்பதை முதலில் திருத்தியாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மூட்டு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஒருமுறை சிதைந்தால் அது மீள்வதில்லை என்று வில்லியம் ஹண்டர் 1743-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அடியிலுள்ள எலும்பில் துளையிட்டு மஜ்ஜைச் செல்களைக் கசியவிடும் முறையை 1959-இல் பிரிடி முன்வைத்தார். 1980-களில் ஸ்டெட்மன் அதை நுண்துளை முறையாக (மைக்ரோஃபிராக்சர்) வளர்த்தெடுத்தார். செலவு குறைந்த முறைதான். ஆனால் குழியில் நிரம்புவது முதல் வகைக் கொலாஜன் மிகுந்த நார்க்குருத்து. அசல் குருத்தெலும்பின் பலம் இரண்டாம் வகைக் கொலாஜனில் இருக்கிறது.

நோயாளியின் குருத்துச் செல்களையே எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் குழியில் வைத்த ஸ்வீடன் கோதன்பர்க் குழு 23 பேரின் முடிவுகளை 1994-இல் வெளியிட்டது. பின்னர் செல்களைக் கொலாஜன் படலத்தில் ஏற்றிப் பதிக்கும் முறை வந்தது. 3 சதுர செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குழி உடைய 144 பேரிடம் நடந்த ஆய்வில் (2014), இரண்டாண்டு முடிவில் இம்முறை நுண்துளை முறையை விஞ்சியது. ஆனால் பழைய செல்பதிப்பு முறையை நுண்துளையோடு ஒப்பிட்டு நார்வேயில் 80 பேரிடம் நடந்த ஆய்வு, 15 ஆண்டுகள் கழிந்தும் இரண்டுக்கும் தெளிவான வேறுபாட்டைக் காணவில்லை. இரு பிரிவிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான செய்தி இதுதான்: குழியை அடைப்பதும் தேய்மானத்தை நிறுத்துவதும் ஒன்றல்ல.

இந்தியாவிலும் இவ்வழி திறந்தே இருக்கிறது. மும்பையின் ரீக்ரோ நிறுவனத்தின் செல்பதிப்புச் சிகிச்சைக்கு 2017-இலும், பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் மஜ்ஜைச் செல் ஊசிக்கு 2022-இலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி வழங்கியது. பின்னது 146 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில் வலியைக் குறைத்தது. இவை முறையாகச் சோதிக்கப்பட்டவை. இவற்றின் பெயரைச் சொல்லி, அனுமதி இல்லாத 'ஸ்டெம் செல் ஊசி'யை விற்பதை எந்த வகையிலும் ஏற்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா) ஊசியைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வு (2021) ஓராண்டு முடிவில் வலியிலோ குருத்தின் அளவிலோ உப்புநீர் ஊசியை விட அது மேலாக இருப்பதாகக் காட்டவில்லை. கடன் வாங்கி ஊசி போட வருகிற கூலிக்காரருக்கு இந்தச் செய்தி முதலில் சொல்லப்பட வேண்டும்.

இனி வயலுக்கு வருவோம். நாற்றாங்காலில் குந்தி நாற்றுப் பறிக்கிறார்கள். நடவில் இடுப்பை வளைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, பின்னோக்கி நகர்கிறார்கள். கணுக்கால் வரை, சில வயல்களில் அதற்கும் மேலே, கால் சேற்றில் புதைந்திருக்கும். பின்னால் கிடக்கும் நாற்றுமுடியை எடுக்க உடல் திரும்பும்போது பாதம் திரும்புவதில்லை. திருகல் முழுவதும் மூட்டில் இறங்குகிறது. ஊன்றிய பாதம், மடங்கிய முட்டி, திரும்பும் உடல் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் உள்ஜவ்வு (மெனிஸ்கஸ்) கிழிகிறது என்பது கால்பந்து மைதானத்தில் நன்கு அறியப்பட்ட உண்மை. வயலில் அது ஒரு விபத்தாக யாருக்கும் தெரிவதில்லை. பல பருவங்களாகச் சிறிது சிறிதாக நடக்கிறது. ஜவ்வு கெட்ட பின் குருத்து தாங்காது. கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றி அடுக்கும் லோடுமேன்களின் கதை வேறு. அங்கே நேர்ச்சுமைதான் பிரச்சினை. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன, உண்மை. ஆனால் இன்று ஐம்பதைத் தாண்டிய பெண்களின் முழங்கால் அவை பரவுவதற்கு முன்பே உழைத்து முடித்தது.

இந்த முழங்காலை எந்த அளவுகோலால் அளக்கிறோம்? உலகெங்கும் புழங்கும் வோமாக் வினாநிரலில் 24 கேள்விகள். காலுறை அணிய முடிகிறதா, காரில் ஏறி இறங்க முடிகிறதா, குளியல் தொட்டியிலிருந்து எழ முடிகிறதா என்று அது கேட்கிறது. 1980-களில் கனடாவில் உருவான வினாநிரல். அங்கே அவை நியாயமான கேள்விகள். பாபநாசம் வட்டத்து நடவுப் பெண் ஒருவர் இவற்றுக்கு என்ன பதில் சொல்வார்? குந்துவதும் மண்டியிடுவதும் கூஸ் என்ற பிற்கால வினாநிரலில் உண்டு. அங்கே அவை 'விளையாட்டும் பொழுதுபோக்கும்' என்ற பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. இங்கே குந்துவது பிழைப்பு. வீட்டுக்குள் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும், தரையிலிருந்து எழுவதும், பல வீடுகளில் கழிப்பறையும் அதைச் சார்ந்தவை. ஆகவே ஒரு சிகிச்சை வோமாக் மதிப்பெண்ணை மேம்படுத்திவிட்டு, அந்தப் பெண்ணை வரப்பில் ஏற முடியாதவராகவே விட்டுவைக்கலாம். அந்தத் தோல்வி எந்த அட்டவணையிலும் பதிவாகாது.

உடற்கூறும் இதையே வலியுறுத்துகிறது. முழுதாகக் குந்தும்போது தொடையெலும்பு முனையின் பின்பகுதி சுமையை ஏற்கிறது; நடக்கும்போது சுமை தாங்கும் இடம் வேறு. நடையை மட்டும் சோதித்துப் பதித்த திசு குந்துவதைத் தாங்குமா என்பது தனியே சோதிக்க வேண்டிய கேள்வி. சேற்றில் நடப்பது, குந்தி எழுவது, சுமையோடு வரப்பேறுவது, தரையில் அமர்வது என்ற நான்கையும் கொண்ட ஒரு தமிழ் அளவுகோலைச் சரிபார்த்து உருவாக்குவது செல் வளர்ப்பை விட மலிவான வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையும்கூட. திசுப் பொறியியலில் உழைக்கும் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் நானோதொழில்நுட்ப, உயிர்ப்பொருள் மையம் தஞ்சைக்கு அருகே திருமலைசமுத்திரத்தில் இருக்கிறது. எலும்பியல் நோயாளிகள் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். குருத்து முன்னோடிச் செல்களை ஆராயும் குழு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உண்டு. இவர்கள் சேர்ந்து செய்யக்கூடியதே இது.

அதுவரை என்ன செய்வது? இருசக்கர வாகன விபத்திலோ கபடியிலோ ஓரிடத்தில் குருத்து பெயர்ந்த இளைஞருக்குச் செல்பதிப்பு பொருத்தமானது. அரசுக் காப்பீட்டில் அதற்கு இடம் கேட்பது நியாயம். உட்புறம் மட்டும் தேய்ந்து கால் வளைந்த நாற்பது வயதுக்காரருக்கு, கீழ்க்கால் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை பல நேரங்களில் ஊசியை விட நேர்மையான தீர்வு. முற்றிலும் தேய்ந்தவருக்கு மூட்டு மாற்று இருக்கிறது. 2017-இல் வந்த விலை உச்சவரம்பு அதை எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி எல்லாருக்கும் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருவதால் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது.

மிஞ்சுவது காலக் கணக்கு. செல்பதிப்புக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் காலில் முழுச் சுமை கூடாது. கடும் உழைப்புக்குத் திரும்ப ஓராண்டு வரை ஆகும். சம்பா அறுவடை முடிந்து மாசியில் அறுவை செய்துகொண்டாலும் பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறு பறிக்கும் கூலி போகும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவும், அடுத்து சம்பா நடவும் போகும். ஆய்வில் பங்கேற்போருக்குக் கூலி இழப்பை ஈடுசெய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறநெறி வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன. டெல்டாவில் நடத்தப்படும் எந்த மீளுருவாக்க ஆய்வும் அந்த ஓராண்டுக் கூலியைத் தன் செலவுத் திட்டத்தின் முதல் வரியில் எழுதட்டும். அது இல்லாவிட்டால் நான்காவது மாதமே பங்கேற்பவர் சேற்றில் இறங்கிவிடுவார். பதித்த திசு ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் விடை கிடைக்காது.