சிபி வானொலிக்கு வீட்டிலேயே ஆண்டெனா செய்வோம்

அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் சிபி வானொலிக்கு 40 சேனல்கள் உண்டு. ஏ.எம். முறையில் 4 வாட் திறனுக்குமேல் அனுமதியில்லை. ஆகவே பேச்சு எட்டும் தூரத்தைப் பெரிதும் ஆண்டெனாதான் முடிவு செய்கிறது.

எளிதில் செய்யக்கூடியது அரை அலை டைபோல். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் கிடைக்கும். 19ஆம் சேனலின் அலைவரிசை 27.185, அதற்கு மொத்தம் 5.26 மீட்டர், ஒரு பாதிக்கு 2.63. நாம் இரண்டு செம்புக் கம்பிகளையும் 2.75 மீட்டராகவே வெட்டிக்கொள்வோம். நறுக்குவது எளிது, ஒட்டுப்போடுவதுதான் தொல்லை. 50 ஓம் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை ஒரு பாதியிலும் வலையுறையை மறுபாதியிலும் பற்றவைக்க வேண்டும். லாரிகளில் ஆண்டெனா செங்குத்தாக நிற்பதால் நம்முடையதும் செங்குத்தாகவே தொங்கட்டும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமா என்று பார்த்த பிறகே நட வேண்டும். இதில் உயிரே போயிருக்கிறது.

அடுத்து, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இணைத்து 1, 40 ஆகிய இரு சேனல்களிலும் அளக்க வேண்டும். 40இல் அதிகமென்றால் கம்பி நீளம். இருபுறமும் சமமாக ஒரு சென்டிமீட்டர் நறுக்கி மீண்டும் அளப்போம். 1இல் அதிகமென்றால் கம்பி குட்டை. இரண்டிலும் ஒரே அளவாக 1.5ஐ ஒட்டி வந்தால் போதும், 1.0க்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 3ஐத் தாண்டினால் உடனே பொத்தானை விட்டுவிட வேண்டும். வானொலியின் டிரான்சிஸ்டர் கருகிவிடக்கூடும்.